உன் பிரெஞ்சும் என் காதும்

எய்யா,

நீ போய்ச் சேர்ந்த சேதி வந்தது. ‘தந்தையே, நான் பாதுகாப்பாக வந்தடைந்தேன். இங்கு வானிலை மிகவும் குளிராக உள்ளது. தங்கள் ஆரோக்கியத்தில் கவனம் செலுத்துங்கள்.’ வாசித்ததும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. கோவில்பட்டி மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்றே காலத்தைக் கழித்தவனை உலகத்தில் எவனாவது தந்தையே என்று கூப்பிடுவானா? கோயில் கொடை நாடகத்தில் ராஜா வேஷம் கட்டினவனை இளவரசன் அப்படிக் கூப்பிடுவான். பேச்சு வந்த நாளிலிருந்து நீ என்னை ‘எப்பா’ என்றுதான் கூப்பிட்டாய். தெருமுனையில் நின்று நீ போடுகிற ‘எப்பா’ சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடும். அந்தச் சத்தத்தைக் கேட்க இப்போது எனக்குக் காது இல்லை. சரி, எழுத்தில் அனுப்பட்டும் என்றால் உனக்குத் தமிழ் எழுத வராது. நீ இங்கிலீஷில் அடிக்கிறாய், போன் அதைத் தமிழாக்கி என்னிடம் நீட்டுகிறது. அது யாருடைய தமிழ் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீயும் என்னென்னவோ செய்து பார்த்தாய். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினாய். என் கண்ணுக்கு அது ஓடவே இல்லை, வரி முடிவதற்குள் முதல் வார்த்தை மறந்துபோனது. போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று பேசிப் பார்த்தாய். உன் பேச்சில் பாதி இங்கிலீஷ் கிடப்பதால் அது குழம்பிக் கண்டதையும் எழுதியது. திரையில் முகம் பார்த்துப் பேசினால் உன் உதடு ஓடுகிற வேகத்துக்கு என் கண் ஓடவில்லை. கடைசியில் இதுதான் சுலபம் என்று இந்த வழிக்கு வந்தோம். அதன் சுலபம் போன மாதம் தெரிந்தது. காய்ச்சலாகக் கிடந்தேன். நீ அப்போது பெங்களூரில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாய். ‘மேலுக்குச் சரியில்லை’ என்று அனுப்பினேன், போன் அதை உனக்கு இங்கிலீஷாக்கிக் கொடுத்தது. மேல் என்றால் உடம்பு என்று நம் ஊரில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும். நீ பதில் போட்டாய்: ‘மேல் தளத்தில் என்ன பிரச்சினை, தந்தையே? உடனடியாக ஒரு கொத்தனாரை அழைக்கவும்.’ நம் வீட்டுக்கு ஏதுடா மேல்தளம்? காய்ச்சலோடு படுத்துக்கொண்டு ஓட்டுக் கூரையைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அழுது முடித்துவிட்டு, ‘சரி, அழைக்கிறேன்’ என்று பதில் போட்டேன். வேறு என்ன போடுவது?

ஆகவே இதைப் போனில் அடிக்காமல் பேனாவால் எழுதுகிறேன். என் கிறுக்கலை எந்தப் போனும் படிக்காது, அதனால்தான். நீயும் படிக்கமாட்டாய். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பாய், கடைப்பெயரைப் படிப்பாய். ஒரு பக்கத்துக்குத் தமிழ் என்றால் இரண்டாவது வரியில் கொட்டாவி விடுவாய். நீ இருக்கிற மாண்ட்ரியலில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம். அவர்களில் யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல். அடுத்தவர் வாயால்தான் நீ கேட்கப்போகிறாய் என்பதால் இதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஊர் படித்தாலும் படிக்கட்டும் என்று திறந்தே விடுகிறேன். வாசிக்கிற புண்ணியவானே, மெதுவாக வாசியுங்கள். அவன் கொஞ்சம் அவசரக்காரன்.

நீ அஞ்சாவது முடித்த வருசம் நடந்ததிலிருந்து சொல்கிறேன். உன் பள்ளிக்கூடத்துத் தாளாளர் பெற்றோரையெல்லாம் வரச் சொல்லியிருந்தார். நான் ராத்திரி ஷிப்டு முடிந்து தலைமயிரில் பஞ்சோடு வந்து உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தாளாளர் நல்ல வியாபாரி. “தமிழ்ல எம்புட்டு முக்குனாலும் மார்க்கு போடமாட்டான் அண்ணாச்சி. பிரெஞ்சு எடுத்தா அள்ளிப் போடுதான். ஆறாப்புலயே மாத்திருங்க. பெரிய பரீட்சைல மொத்த மார்க்கு எங்கயோ போயிரும்” என்றார். உன் அம்மா என் பக்கம் குனிந்து, “பிரெஞ்சுன்னா யாரு பேசுத பாசை?” என்று கேட்டாள். வெள்ளைக்காரன் பாசை என்றேன். “அதான் இங்கிலீஷு இருக்கே. ஒரு வெள்ளக்காரனுக்கு எத்தன பாசை?” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “அப்ப எம்பிள்ள தமிழு படிக்கமாட்டானா?” என்றாள். தமிழ் எங்கே ஓடிப்போகப்போகிறது, வீட்டில் பேசுகிறோம், போதாதா என்று நான்தான் சொன்னேன். அந்த அறையில் இருந்த எல்லாத் தகப்பன்மாரும் அதையேதான் சொன்னார்கள். தாளாளர் மேசையில் கற்கண்டுத் தட்டு இருந்தது, ஆளுக்கு ஒரு கட்டி எடுத்துக்கொண்டு வந்தோம்.

பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கத் தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா டீச்சர் வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், ஒல்லியாக, எப்போதும் குடையோடு. நீ ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் உன் மார்க்கைக் கேட்கப் போனேன். தொண்ணூற்றெட்டு என்றாள். சந்தோஷமாகச் சொல்லவில்லை, யாரோ செத்ததைச் சொல்வது போலச் சொன்னாள். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இந்தப் பாசையில் பிள்ளைக்கு என்னென்ன வந்திருக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. தன்னைப் பற்றிச் சொல்லவேண்டும், வழி கேட்கவேண்டும், கடையில் பேரம் பேசவேண்டும், ஒரு கதையைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்லவேண்டும், தாய் தகப்பனுக்குக் கடிதம் எழுதவேண்டும். “இதுல ஒண்ணுகூட ஒங்க பையனுக்கு வராது அண்ணாச்சி. எந்தப் பையனுக்கும் வராது. கேள்வியும் பதிலும் எழுதிப் போட்டுருதேன், பாடம் பண்ணிட்டு வந்துருதாக” என்றாள். அதனாலென்ன டீச்சர், தொண்ணூற்றெட்டு வருகிறதே என்றேன்.

அவள் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னதைச் சொல்கிறேன். “என்னையக் கேட்டா இந்தப் பக்கத்துல இன்னும் ஒண்ணு சேக்கணும். அந்த ஊருல ஒரு வீட்டுல சாவுன்னா, போயி அந்த வீட்டாளுக மனசு நோகாம ரெண்டு வார்த்தை சொல்லத் தெரியணும். இல்லன்னா வாயை மூடிட்டு உக்காரத் தெரியணும். அப்பத்தான் பாசை வந்துட்டுன்னு அர்த்தம். மத்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்கா.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவன் வீட்டுச் சாவுக்கு டீச்சர் எம்பிள்ள பாரிசுக்குப் போகப்போறான் என்றேன். அவளும் சிரித்துவிட்டாள். அடுத்த வருசம் வேலையை விட்டுப் போய்விட்டாள், எங்கே என்று தெரியாது.

அந்த வருசம்தான் நீ ஒரு நாள் சாயங்காலம் எங்கள் இருவரையும் கட்டிலில் உட்காரவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரெஞ்சில் ஒரு கடிதத்தை ஒப்பித்தாய். மகன் பெற்றோருக்கு எழுதுகிற கடிதம். என்ன அழகாகச் சொன்னாய்! மூக்கால் கொஞ்சம், தொண்டையால் கொஞ்சம். அப்போது எனக்குக் காது பாதி கேட்கும். உன் அம்மா வாயில் சேலையை வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும், “எங்களுக்குத்தான எழுதிருக்க? என்னய்யா எழுதிருக்க?” என்றாள். நீ யோசிக்காமல், “அர்த்தம் தெரியாதும்மா. அது கேள்வில வராது” என்றாய். அவள் உன் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடக்குப் போட்டாள். நான் பெருமையில் மில்லில் போய் எல்லாரிடமும் சொன்னேன். எம்மவன் பிரெஞ்சில் கடிதம் எழுதுதான்!

பன்னிரண்டாவதில் உன் படம் பள்ளிக்கூடத்து வாசல் பிளக்சில் வந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அப்புறம் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போனோம். அங்கே மொழிப்பாட மார்க்கைக் கணக்கில் சேர்ப்பதே கிடையாது என்று வரிசையில் நின்ற ஒருவர் சொன்னார். கணக்கும் விஞ்ஞானமும்தான் எண்ணிக்கை. தமிழில் அம்பது வாங்கியிருந்தாலும் அதே கல்லூரிதான் கிடைத்திருக்கும். உன் அம்மாவுக்கு நான் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அவள் கோபப்பட்டிருக்கமாட்டாள், அதுதான் பயம். பேசாமல் போய் அரிசி களைந்திருப்பாள்.

என் காது போன கதை உனக்குத் தெரியும். ஸ்பின்னிங் ஷெட்டில் ஓடுகிற சத்தத்தில் வாயால் பேசி எவனுக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்துப் படிப்போம், கையால் பேசுவோம். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் டீ. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். சுட்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றிக் காலடியைக் காட்டினால், அடுத்த ஷிப்டுக்கு வருவியா என்று அர்த்தம். அந்தப் பாசைக்கு யாரும் மார்க் போடவில்லை, வயிற்றுப்பாட்டுக்குப் படித்தது, இன்றைக்கும் மறக்கவில்லை. திருநெல்வேலி டாக்டர் நரம்பு செத்துவிட்டது என்றார். அவர் கொடுத்த மிஷினைக் காதில் மாட்டினால் மறுபடியும் ஷெட்டுக்குள் நிற்கிற மாதிரி இரைச்சல்தான் வருகிறது. கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன்.

அப்புறம் உன் அம்மாதான் எனக்குக் காது. நீ போன் பண்ணுவாய், அவள் பேசிவிட்டு என் காதுக்குள் வாயை வைத்துக் கத்துவாள். “ஒங்க மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேக்கான்!” “ஓட்டப்பிடாரத்துப் பக்கம் மழ உண்டான்னு கேக்கான்!” “எப்பாவ வெயில்ல அலைய வேண்டாம்னு சொல்லுதான்!” எனக்கு மனசு நிறைந்துவிடும். எவ்வளவு படித்து எங்கே போனாலும் கரிசல்காட்டுப் பிள்ளை மழையைக் கேட்காமல் போனை வைக்கமாட்டான் பார் என்று சொல்வேன். முகம் பார்த்துப் பேசுகிற போன் வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. உதட்டைப் படித்தே பிழைத்தவன் நான். திரையில் நீ, ‘ஓகேம்மா, மீட்டிங், பை’ என்கிறாய். அவள் என் பக்கம் திரும்பி, “ஒங்களுக்குக் காய்ச்சல் விட்டுட்டான்னு கேக்கான்!” என்று கத்துகிறாள். மழையைக் கேட்டதும் அவள்தான், மூட்டுவலியைக் கேட்டதும் அவள்தான். நான் கண்டுபிடித்ததை அவளிடம் சொல்லவில்லை. அப்படியே போகட்டும் என்று இருந்துவிட்டேன், எனக்கு அது வேண்டியிருந்தது. அவள் போனபிறகு நீ கேட்டதெல்லாம் அவளோடு சேர்ந்து நின்றுபோனது.

அவள் போன அன்றைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். நீ பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாய், அழுதாய், எல்லாம் முறைப்படி நடந்தது. மறுநாள் துட்டி கேட்க ஆட்கள் வந்தார்கள். சாவு வீட்டில் வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லக்கூடாது. வருகிறவர் பேசாமல் வந்து கையை நீட்டுவார், நாம் அந்தக் கைக்குள் கையை வைப்போம், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுச் சொல்லாமல் எழுந்து போய்விடுவார். ‘போயிட்டு வாரேன்’ என்று அவரும் சொல்லக்கூடாது. வாரேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். நான் பந்தலுக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றாய். “வாங்க அங்கிள், வாங்க ஆன்ட்டி, தேங்க்ஸ் ஃபார் கமிங்” என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினாய். போகிறவர்களிடம், “பாத்துப் போயிட்டு வாங்க, அடுத்த தடவை நிதானமா பேசுவோம்” என்றாய். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. உதடு தெரிந்தது. வந்தவர்களின் முகமும் தெரிந்தது.

உன் பெரியப்பாதான் பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தார். மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டு இன்னும் ஓட்டப்பிடாரத்துப் பக்கம் உளுந்தும் பருத்தியும் போடுகிற மனுசன், அவருக்கு மறைத்துப் பேசத் தெரியாது. “ஏலே, துட்டி வீட்டு வாசல்ல நின்னு வாங்க வாங்கங்கியே, கல்யாண வீடுன்னு நெனச்சியா? அடுத்த தடவைன்னா அடுத்து யாருல? ஒங்கப்பனா?” என்றார். உன் முகம் சிவந்து சுருங்கிப்போனது. “சாரி பெரியப்பா. எனக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரல” என்றாய். பந்தலே அமைதியாகிவிட்டதாம், அப்புறம் சொன்னார்கள். எனக்கு எல்லா நாளும் அமைதிதான். ஆனால் உன் உதட்டில் அந்த வரியைப் படித்தபோது உன் அம்மா செத்ததைவிட வலித்தது. அவள் கோபித்துக்கொள்ளமாட்டாள், உண்மை அதுதான்.

யாரும் சொல்லித் தருவதில்லை எய்யா. அதற்கு வாத்தியாரும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. பிள்ளைகள் பெரியவர்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்து பிடித்துக்கொள்கிற காரியம் அது. உன்னை நாங்கள் உட்காரவே விடவில்லை. குளத்தூரில் உன் அம்மாவைப் பெற்ற தாத்தா தவறினபோது நீ பத்தாவது. “பேரன் நெய்ப்பந்தம் பிடிக்கணுங்க, ஒத்தப் பேரன்” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கு உனக்குப் பிரெஞ்சுப் பரீட்சை. “சாவுக்கு நாம போறோம், பரீட்சை திரும்ப வருமாட்டி?” என்றேன். உன்னைப் பக்கத்து வீட்டில் சாப்பிடச் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் பஸ் ஏறினோம். பந்தத்தைப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் பிடித்தார்கள். அப்படியே கல்யாணம், காதுகுத்து, கொடை, துட்டி என்று எதற்கும் உன்னைக் கூட்டிப் போகவில்லை. படிக்கட்டும், படிக்கட்டும். இந்த ஊரில் எந்த வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான். மறுபடி அந்த இடத்தில் என்னை நிறுத்தினால் வேறு மாதிரி செய்வேன் என்று பொய் சொல்ல எனக்கு மனமில்லை. உன்னைப் பரீட்சைக்குத்தான் அனுப்புவேன். மழைக்கு மானத்தைப் பார்த்துப் பார்த்துக் கெட்ட குடும்பம் நம்முடையது. மார்க்கையாவது நம்பலாம் என்று நினைத்தோம். நீ கரிசல் மண் காலில் ஒட்டாமல் போய்விட்டாய், நாங்கள் கேட்டது அதுதானே.

இப்போது நேற்று வந்த சேதி. ‘தந்தையே, நான் இங்கு பிரெஞ்சு வகுப்பில் ஆரம்ப நிலையில் சேர்க்கப்பட்டுள்ளேன்.’ தொண்ணூற்றெட்டு வாங்கினவனை மறுபடியும் அரிச்சுவடியில் உட்காரவைத்துவிட்டார்களா! சத்தமாகச் சிரித்திருக்கிறேன், பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பாசையைப் படிப்பதில் உன் குறிக்கோள் என்ன என்று முதல் நாளே எழுதச் சொன்னதாகவும், நீ ‘அலுவலகப் பயன்பாடு’ என்று எழுதியதாகவும் போட்டிருக்கிறாய். அதை அடித்துவிட்டு வேறு எழுது. தகப்பன் ஒரு புத்தி சொல்கிறேன், இந்தத் தடவை மார்க் வாங்காதே. தப்பும் தவறுமாகப் பேசு. அங்கே சந்தையில் கீரைக்காரியிடம் பேரம் பேசு. எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்லப் படி. கோபம் வந்தால் அந்தப் பாசையிலேயே திட்டு, அவர்கள் உன்னைத் திட்டினால் புரிந்துகொள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லாமல் போய் உட்கார். முக்கியமாக, அந்த ஊரில் துட்டி வீட்டில் என்ன சொல்வார்கள், எதைச் சொல்லக்கூடாது என்று கூடப் படிக்கிறவர்களிடம் வெட்கப்படாமல் கேள். ஜெசிந்தா டீச்சர் சொன்னதை அன்றைக்கு நான் சிரித்துக் கெடுத்தேன். காது கெட்டபிறகு சங்கீதம் படிக்கிற மாதிரிதான் இதுவும், ஆனாலும் சொல்லிவிட்டேன்.

நீ இதையெல்லாம் செய்தால் அந்தப் பாசை உனக்கு வந்துவிடும். வரட்டும், சந்தோஷம். அதனால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதையும் தெரிந்தே சொல்கிறேன். உன் மகள் அங்கே வந்து சேர்ந்தால் பள்ளிக்கூடத்தில் விளையாடிக்கொண்டே அதைப் பேசிவிடுவாள். நீ பாடம் பண்ணிய கடிதத்தின் அர்த்தத்தை ஒரு நாள் அவள் உனக்குச் சொல்வாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பொதுவாக ஒரு வார்த்தைகூட இருக்காது. போன தடவை வந்தபோது என் மடியில் உட்கார்ந்து என்னவோ நிறையப் பேசினாள். உதட்டைப் படித்துப் பார்த்தேன், எல்லாம் இங்கிலீஷ், ஒன்றும் பிடிபடவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நீ தமிழ் படித்து எனக்கு எழுதுவாய் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது. உனக்கு நேரமில்லை, எனக்கும் அவ்வளவு நாள் இல்லை. கோடையில் வெடித்த நிலம் ஒரு தூறலில் மூடிக்கொள்ளாது. இனி நீ போனில் அனுப்புவாய், நான் ‘சரி’ என்று அனுப்புவேன்.

கடைசியாக ஒன்று. வெளிநாடு போகுமுன் என்னைப் பார்க்க வந்துவிட்டு நீ கிளம்பின சாயங்காலம் ஸ்டேஷனுக்கு நானும் உன் பெரியப்பாவும் வந்தோம். நீ ஏசி பெட்டியில் ஏறிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாய். அந்தக் கண்ணாடி திறக்காது. நீ என்னவோ சொன்னாய், கறுப்புக் கண்ணாடியில் உதடு பிடிபடவில்லை, இந்தப் பக்கம் நின்ற எல்லாருமே அப்போது என்னைப் போலச் செவிடுதான். என் கை தானாக எழுந்தது. ஷெட்டில் கேட்கிற மாதிரியே சுட்டுவிரலை ஒரு சுற்றுச் சுற்றி என் காலடியைக் காட்டினேன். நீ சிரித்துக்கொண்டு டாட்டா காட்டினாய். அப்புறம் குனிந்து போனில் எதையோ அடித்து, திரையைக் கண்ணாடியில் வைத்து அழுத்தினாய். பெரிய எழுத்தாக, எனக்குத் தெரியவேண்டும் என்று பெரிதாக்கித்தான் வைத்திருந்தாய். ‘நான் செல்கிறேன், தந்தையே.’ ரயில் நகர்ந்தது.

நம் ஊரில் எவனும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பமாட்டான். பீடி வாங்க முக்குக் கடைக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வாரேன் என்றுதான் படியிறங்குவான். துட்டி வீட்டிலிருந்து போகிறவன் ஒருத்தன்தான் வாரேன் என்ற சொல்லைச் சொல்லாமல் போகவேண்டும். நம் வீட்டில் உன் அம்மாவுக்கு இன்னும் வருசம் திரும்பவில்லை. நீ போனில் காட்டியதை உன் பெரியப்பாவும் என் தோள்பக்கம் நின்று எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு ஏதாவது திட்டுவார் என்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எப்பா